வெட்டிய துணியும் சொல்லிய சொல்லும்



வைசாகப் பௌர்ணமிக்கு வெண்ணிற ஆடை அணிய விரும்பி, திருப்பதிக் கடைத்தெருவில் பருத்தித் துணி வாங்கிக்கொண்டு சித்தூரிலுள்ள நமது இல்லம் திரும்பினோம். தையற்காரரிடம் கொடாமல் நாமே தைப்பதென்று முடிவு செய்தோம். நமக்கு ஒரு சட்டை. மகளுக்கு ஒரு சட்டை. அவளுடையதை அவளே வெட்டினாள். தையலுக்கென ஓரத்தில் அரை அங்குலமும் விடாமல், உடலளவுக்கே வெட்டிவிட்டாள். தைத்து அணிந்தபோது இறுகிப் போயிற்று. "பணத்தைப் பாழாக்கினாயே!" என்று கடிந்தோம். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பிறகு பல நாள் அதைத் தொடவேயில்லை.

நம் சட்டையை முதன்முறை துவைத்த அன்றே நம் பிழை வெளிப்பட்டது. வெட்டுமுன் துணியை நனைத்து உலர்த்தியிருக்க வேண்டும். நாம் அதனைச் செய்யவில்லை. சட்டை சுருங்கி, கை மணிக்கட்டுக்கு மேலேறி நின்றது. நம்மை எவரும் கடியவில்லை. மகள் மட்டும், "அப்பா, மீதித் துணியில் ஒட்டுக் கொடுத்தால் சரியாகும்" என்றாள். நாம் நாணினோம்.

அன்பர்களே, விநயபிடகத்தின் சுல்லவக்கத்தைப் பாருங்கள். பிக்குகள் துணியைக் கையால் கிழித்துத் தைத்தனர்; சீவரம் கோணலாயிற்று. பகவான் கத்தியை அனுமதித்தார். கோழியிறகாலும் மூங்கிற் சிம்பாலும் தைத்தனர், தையல் கெட்டது. ஊசியை அனுமதித்தார். நூல் வளைந்து சென்றது. வழிகாட்டும் குறிநூலை அனுமதித்தார். விரல்கள் நொந்தன, விரலுக்குக் கவசம் அனுமதித்தார். ஒவ்வொரு பிழையும் ஒரு கருவியைப் பெற்றுத் தந்தது. அனுருத்தருக்குச் சீவரம் தைத்த நாளில், பிக்குகள் நூல் திரிக்க, பகவான் தாமே ஊசியில் நூல் கோத்தார் என்று தம்மபத உரை கூறுகிறது. உலக குருவே ஊசி பிடித்தார் எனில், தையலில் பிழைத்த சிறுமியை இகழ நாம் யார்?

இராகுலருக்குப் பகவான் அளித்த உபதேசமும் இதுவே. கண்ணாடி முகம் பார்ப்பதற்கு. அதுபோலச் செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் பார்க்க வேண்டும். பிழை நேர்ந்திருப்பின் ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ மறையாது கூறி, இனிமேல் காத்துக்கொள்ள வேண்டும். வெட்டுமுன் அளத்தல், தைக்கும்போது நோக்குதல், தைத்தபின் அணிந்து பார்த்தல் என்னும் மூன்றும் இதில் அடங்கும். வருந்தி முடங்குவதற்கு இதில் இடமில்லை.

தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதற்கு ஒட்டுக் கொடுக்கலாம். வன்சொல் வெட்டிய மனத்திற்கோ ஒட்டு எளிதில் பொருந்தாது. ஆகவே நாம் மகளிடம் சென்று, "பிழை நம்முடையது" என்றோம். அவள் சிரித்தாள். அன்று மாலை இருவருமாக அவள் சட்டையின் விலாவில் ஒட்டுத் துணி வைத்துத் தைத்தோம்.

நம்மிற் பலர் தருமத்திற்குப் புதியவர். பஞ்சசீலத்தில் வழுவும் புதியவரைக் கடிந்தால், அவரும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்போம். பௌர்ணமியன்று ஒட்டுப் போட்ட ஆடையுடனேயே வணங்குவோம். அதில் நாணத்தக்கது யாதுமில்லை.

அனைவர்க்கும் மங்களம் உண்டாகுக.