கமெராவைத் தெரிதலும் அறமும்

கருவிக்கு அறமில்லை, அதனைக் கையாளும் மனிதனுக்கே அறமுண்டு என்பர். ஒரே கத்தி கொலையும் செய்யும், சத்திரசிகிச்சையும் செய்யும் என்பது அவர்கள் காட்டும் உதாரணம். விவரணப்படம் எடுக்க முனைவோரும் இந்நம்பிக்கையுடனேயே விலை, வில்லையின் தரம், படத்தின் தெளிவு ஆகியவற்றை ஒப்புநோக்கிக் கமெராவைத் தெரிவு செய்கின்றனர். ஆயின், ஒரு கமெரா தன் முன் நிற்கும் மனிதனிடம் எதனைக் கோருகின்றது என்ற வினாவை எழுப்பினால், இது வெறும் தொழினுட்பத் தெரிவன்று என்பது புலனாகும்.

விவரணப்பட வரலாற்றின் தொடக்கத்தையே நோக்குவோம். வட கனடாவின் இனுயிற் மக்களைப் பற்றி றொபேட் பிளாகெற்றி எடுத்த 'நனூக்' 1922இல் வெளிவந்தது. அவர் கொண்டுசென்றது ஏக்லி கமெரா. கடுங்குளிரில் இடர்தரும் எண்ணெய்க்குப் பதிலாகக் காரீயத்தூளே அதற்குப் போதுமானது. தெரிவு பொருத்தமானதே. ஆயினும், பனிவீட்டினுள்ளே படம்பிடிக்க வெளிச்சம் போதவில்லை. எனவே பெரியதொரு பனிவீடு கட்டப்பட்டு, அதன் ஒரு பாதி வெட்டி அகற்றப்பட்டது. திறந்து கிடந்த அவ்வீட்டில், வெளிக்குளிர் சூழ, உறங்குவதுபோலவும் விழித்தெழுவதுபோலவும் சிலர் நடித்தனர். கமெராவின் குறையை ஈடுசெய்தோர் அதன் முன் இருந்த மக்களே.

எமது நாட்டிலே பசில் றைற் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' (1934) வேறொரு பாடத்தைத் தருகின்றது. காட்சிகள் இங்கு பிடிக்கப்பட்டன. ஒலி பின்னர் இங்கிலாந்தில் சேர்க்கப்பட்டது. படத்தின் அழகில் ஐயமில்லை. ஆயின், அதில் உழைப்போர் தம் வாழ்வு பற்றித் தாமே எடுத்துரைப்பதில்லை. கண்டியரசிற் கைதியாயிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வாசகங்களை லயனல் வென்ட் வாசிக்கின்றார். பேச்சைப் பதியாத கமெராவின் முன் மனிதர் காட்சிப்பொருளாவர். பொருளுரைக்கும் உரிமை பிறரிடம் சென்றுவிடும்.

1960இல் பாரிசில் ஜோன் றூஷும் எட்கார் மொறானும் இலகுவான புதிய கமெராவையும் தோளிற் சுமக்கத்தக்க நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியையும் பயன்படுத்தினர். அவுஷ்விற்ஸ் முகாமிலிருந்து மீண்ட மார்சலீன் என்ற பெண், அக்கருவியைத் தாமே சுமந்து வீதியில் நடந்தவாறு, அங்கிருந்து மீளாத தந்தையை நினைந்து பேசினார். கருவியின் பாரம் குறைய, மனிதக் குரல் எழுந்தது.

அவ்வாறாயின், கமெரா எவ்வளவு சிறிதோ அவ்வளவு நன்று என முடிக்கலாமா? நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

கடந்த ஆண்டு நண்பர் நால்வர் மலையகத் தோட்டமொன்றுக்குச் சென்றோம். பல்லாண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்த பாட்டி ஒருவரைப் படமாக்குவது எமது நோக்கம். இரவல் வாங்கிய பெரிய கமெராவை முக்காலியில் ஏற்றியதும், "இருங்க தம்பி" என்று உள்ளே சென்றவர், நல்ல சேலை உடுத்தி வந்து நிமிர்ந்து அமர்ந்தார். அளந்தே பேசினார். அன்று மாலை, லயத்து அறையின் மங்கிய ஒளியில், அடுப்பருகே இருந்தவாறு என் கைத்தொலைபேசியில் அவரைப் பதிந்தேன். முழங்காலில் இருந்த அப்பொருளை அவர் கவனிக்கவில்லை. அயலாருக்கும் சொல்லாத, மகனைப் பற்றிய துயரொன்றைச் சொன்னார். படத்தின் உயிரே அதுதான் என நண்பர்கள் மகிழ்ந்தனர்.

எனக்கோ உறக்கம் வரவில்லை. அவர் சேலை மாற்றியதைப் பாசாங்கென்று காலையில் நான் எண்ணியிருந்தேன். உண்மையில், உலகின் முன் தாம் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதை அவர் அப்போது தாமே தீர்மானித்தார். பெரிய கமெரா தன் வரவை அறிவித்து அதற்கு இடமளித்தது; சிறிய கமெரா அவ்விடத்தைப் பறித்தது. மறுநாள் அப்பதிவை அவருக்குக் காட்டினோம். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இது வேணாம் தம்பி" என்றார். அழித்துவிட்டோம். எமது படம் மெலிந்ததென்பதை மறுப்பதற்கில்லை.

உண்மையை உலகறியச் செய்வதன்றோ விவரணப்படத்தின் கடமை என வினவலாம். அதிகாரம் படைத்தோர் மறைக்கும் அநீதியை மறைவாகப் பதிவது வேறு. எம்மை நம்பி அடுப்பருகே அமரவைத்தவரின் துயரை அவரறியாது எடுத்துச்செல்வது வேறு. முன்னதில் மறைவு எளியோருக்குக் காவலாகலாம். பின்னதில் அது களவேயாகும்.

பாரமான கமெரா மனிதரைத் தனக்கு இணங்கச் செய்கின்றது. சிறிய கமெரா தன்னை மறக்கச் செய்கின்றது. இரண்டிலும் ஆபத்துண்டு. எனவே, தெளிவையும் விலையையும் ஆராய்ந்தபின் இன்னுமொரு வினா எஞ்சுகின்றது: இக்கமெராவின் முன் இருப்பவர் "வேண்டாம்" என்று சொல்ல இயலுமா? அதற்கு விடை கண்டபின்னரே எமது தெரிவு முற்றுப்பெறும்.