என்கிற

சேலம், நாமக்கல் பக்கம் மாலை நாளிதழ் படிக்கிறவர்களுக்கு ‘என்கிற’ என்ற சொல் நன்றாகப் பழகியிருக்கும். புறவழிச்சாலை ஓரத்திலோ வாடகை வீட்டிலோ ஒரு திருநங்கை கொலையுண்டு கிடந்தால், செய்தியில் முதலில் பெற்றவர்கள் வைத்த ஆண் பெயர் வரும். பிறகு ‘என்கிற’. அதற்குப் பிறகுதான் அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். ரவுடிகளின் பட்டப்பெயரை எழுதுகிற அதே முறை.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில், அடிபட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோன ஒரு திருநங்கையின் சாவுக்குப் போயிருந்தேன். பல வருஷம் வீட்டுப் படியேற விடாத சொந்தக்காரர்கள்தான் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கி வந்திருந்தார்கள். கூந்தலைக் கத்தரித்து, வேட்டி கட்டிக் கிடத்தியிருந்தார்கள். மூக்குத்தியைக் கழற்றிவிட்டார்கள், மூக்கிலிருந்த துளையை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மகளாகத் தத்தெடுத்து வளர்த்த மூத்த திருநங்கையும் கூட வந்தவர்களும் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். “பேரச் சொல்லி அழுவறதுக்குக்கூட உட மாட்டேங்கறாங்க சாமி” என்றார் அந்தத் தாய். அங்கிருந்து பார்த்தால் செங்கோட்டு மலை தெரியும். மலைமேல் அர்த்தநாரீசுவரருக்கு ஒரு பாதியில் வேட்டி, மறுபாதியில் சேலை.

கத்தியும் கல்லும் உடம்போடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு நடப்பது இன்னொரு கொலை என்றே எனக்குப் படுகிறது. அதைச் செய்கிறவர்கள் கொலைகாரர்கள் அல்ல. அழுதுகொண்டிருக்கிற வீட்டார், படிவம் நிரப்புகிறவர்கள், செய்தி எழுதுகிறவர்கள்.

ஒரு திருநங்கைக்குப் பெயர் சும்மா வருவதில்லை. வீடு, படிப்பு, சொத்து என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து வாங்கிய பெயர் அது. சேலத்துப் பெண் பிரித்திகா யாஷினி போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்தபோது, சான்றிதழில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2015-இல் தீர்ப்பு வாங்கி, 2017-இல் தருமபுரியில் சப்-இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்றார். சட்டையில் குத்திய பெயர்ப்பலகைக்குப் பின்னால் அத்தனை படியேற்றம் இருக்கிறது.

அவரவர் பாலினத்தை அவரவரே சொல்லிக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி ஏற்றுக்கொண்டது. உயிரோடு இருக்கும்வரை சரி. மூச்சு நின்றதும் அந்த உரிமை யார் கைக்குப் போகிறது?

2006-இல் சென்னையில், போலீஸ் விசாரணை என்ற பெயரில் நடந்த பாலியல் கொடுமை தாங்காமல் ஒரு திருநங்கை தீக்குளித்து இறந்தார். அவருக்காக வழக்கு நடத்தியவர் உடன்பிறந்த சகோதரிதான். 2007-இல் உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ரத்த உறவு எல்லாமே கைவிட்டுவிடும் என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சகோதரியை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. ஆனாலும் அந்தத் தீர்ப்பில் இறந்தவர் இன்றும் ஆண் பெயரோடுதான் இருக்கிறார்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1998 நவம்பர் 28 அன்று ரீட்டா ஹெஸ்டர் என்ற கறுப்பினத் திருநங்கையைக் குத்திக் கொன்றார்கள். அந்த ஊர்ப் பத்திரிகைகளும் அவரை ஆணாகவே எழுதின. அந்தக் கோபமும் துக்கமும் சேர்ந்துதான், கொல்லப்பட்ட திருநர்களுக்கான நினைவு நாளாக நவம்பர் 20 உருவானது. அன்றைக்குச் செய்வதெல்லாம் மெழுகுவத்தி ஏற்றி, இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பதுதான்.

நமக்கு அது புதிதல்ல. கூவாகத்தில் அரவான் களப்பலியான மறுகணம் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலைக்கு மாறி வைக்கிற ஒப்பாரியை ஒரு வருஷம் பக்கத்தில் நின்று கேட்டேன். அரவானில் தொடங்கிய அழுகை, கொஞ்ச நேரத்தில் செத்துப்போன தோழிகளின் பெயர்களுக்குத் திரும்பியது.

இறந்தவர்களின் பெயரைக் கல்லிலும் எழுதி வைத்திருக்கிறோம். மாடு கவரும் சண்டையில் மாண்டவர்களுக்கு எடுத்த நடுகற்கள் தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் நிற்கின்றன. எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். ஒரு நாய்க்கு என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களோ, அதே பெயரை மாற்றாமல் வெட்டி வைத்தது இந்த மண். 1,400 ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் படிக்கலாம்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமத்தில் அன்றைக்குச் சிதைக்குத் தீ வைத்துவிட்டு ஆண்கள் குளிக்கப் போன பிறகு, அந்தத் தாய் எழுந்து கிட்டே போனார். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முன்னால் வேறு பெயரோ ‘என்கிற’வோ எதுவும் இல்லை. கூட வந்த ஆறேழு பேரும் ஒவ்வொருவராக அதே பெயரைச் சொன்னார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நானும் சொன்னேன்.