யார் ஆப்தர்?

தலைமயிரின் தடிமனைவிடச் சிறிய ஒரு துணுக்கு. அதை இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து, வளிமண்டல அழுத்தத்தைப் போல் பதினைந்து லட்சம் மடங்கு நசுக்குகிறார்கள். 2015-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மிகயீல் எரிமெத்ஸின் குழு ஹைட்ரஜன் சல்பைடை இப்படி நசுக்கியபோது, மைனஸ் 70 டிகிரியில் அது மின்தடையே இல்லாத மீகடத்தி ஆனது. 1911-இல் இயற்பியலாளர் ஓன்னஸ் பாதரசத்தில் இதே விந்தையைக் கண்டபோது மைனஸ் 269 டிகிரி தேவைப்பட்டது.

கண்டது என்று சொல்கிறோம். உண்மையில், வரைபடத்தில் ஒரு கோடு சரிந்தது. மின்தடை மறைந்தது என்பது அதிலிருந்து கருதியது. சீனாவின் ஜீலின் பல்கலைக்கழகத்தார் முந்தைய ஆண்டே கணினியில் இதைக் கணித்திருந்தார்கள். காண்டல் வருமுன் கருதல் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தது!

வைர அழுத்தக்கலம் இல்லாத நமக்கு, காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளில், அதாவது அறியும் வழிகளில், மிஞ்சுவது மூன்றாவதான உரை மட்டுமே. ஆப்தரின் சொல்லே பிரமாணம் என்கிறது நியாய சூத்திரம். ஆப்தர் என்பவர் நேரே அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புபவர் என்று விளக்குகிறார் அதற்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர். அவரே இன்னொன்றும் சேர்க்கிறார்: ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் ஒன்றேதான். பீடம் பார்த்து நம்பாதே என்று இதை வாசிக்கலாம்.

பீடம் பெரிதாகத்தான் இருந்தது. அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரங்கா டயஸின் குழு 15 டிகிரி வெப்பத்திலேயே மீகடத்தலை எட்டியதாக 2020-இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை கொண்டாடப்பட்டது. அளவீட்டிலிருந்து பின்னணிச் சமிக்ஞையைக் கழித்த முறை கேள்விக்குள்ளாகி, 2022-இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2023 மார்ச்சில் லுட்டீஷியம் ஹைட்ரைடு பற்றி அடுத்த கட்டுரை. பதினோரு ஆசிரியர்களில் எட்டுப் பேரே கேட்டுக்கொள்ள, நவம்பரில் அதுவும் போயிற்று. அறிந்தவர்கள்தாம் எல்லோரும். இலக்கணத்தின் இரண்டாம் பாதியில்தான் வழக்கு.

மூல அளவீடுகளைக் காட்டு என்று முதலிலிருந்தே நச்சரித்தவர் கலிஃபோர்னியாவின் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். அவரையே ஆப்தராக்கிவிடலாமா? அதுவும் சிக்கல்தான், ஹைட்ரஜன் சேர்மங்களான ஹைட்ரைடுகளில் மீகடத்தலே கிடையாது என்பது அவர் கட்சி. ஆனால் லாந்தனம் ஹைட்ரைடைக் கடலின் இருகரையிலும் இரு குழுக்கள் தனித்தனியே நசுக்கிப் பார்த்து, 2019-இல் மைனஸ் 23, மைனஸ் 13 டிகிரி என்று நெருங்கிய எண்களைச் சொல்லின.

ஹிர்ஷ் அதையும் ஏற்கவில்லை.