சத்தியகாமனுக்குத் திறந்த கதவு

சென்னையிலிருந்து ரயிலில் கொல்கத்தா செல்லும் அன்பர்கள் பலர் சாந்த்ராகாச்சி என்ற பெயரை அறிவார்கள். ஹவுரா மாவட்டத்திலுள்ள சந்திப்பு நிலையம் அது. அருகே ஒரு பெரிய ஏரி. குளிர்காலத்தில் அங்கு நீர்ப்பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கும். பிழைப்பு நாடி வந்த ஏழைக் குடும்பங்களும் இப்பகுதியில் வாழ்கின்றன. தாய் வீட்டு வேலைக்குச் செல்கிறாள். மூத்த பெண் தம்பியை இடுப்பில் சுமந்தபடி குடிசையைக் காக்கிறாள். பள்ளி மணியோசை அவள் காதில் விழுகிறது. ஆனால் அவளால் போக முடிவதில்லை.

இத்தகைய ஒரு தாயையும் மகனையும் சாந்தோக்ய உபநிஷதம் நமக்குக் காட்டுகிறது. சிறுவன் சத்தியகாமன் குருகுலம் செல்ல விரும்பித் தன் கோத்திரம் எதுவென்று தாயிடம் கேட்டான். 'பலருக்கும் பணிவிடை செய்து திரிந்த இளமையில் உன்னைப் பெற்றேன். கோத்திரத்தை நான் அறியேன்' என்றாள் ஜபாலா. அவன் கௌதம முனிவரிடம் சென்று அதை அப்படியே கூறினான். காட்டுவதற்கு அவனிடம் வேறு எதுவும் இல்லை. அவனது உண்மையையே தகுதியாக ஏற்று முனிவர் அவனுக்கு உபநயனம் செய்வித்தார்.

இன்றும் ஏழைக் குழந்தையிடம் முதலில் கேட்கப்படுவது சான்றிதழ்தான். ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்தில் அது பலமுறை இருப்பதில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்கிறது. கௌதமரின் உள்ளம் சட்டமாகியிருக்கிறது என்றே கூறலாம். ஆனால் இது ஜபாலாவைப் போன்ற தாய்மார்களுக்குத் தெரிய வேண்டாமா? யாரேனும் ஒருவர் உடன் சென்று சொல்ல வேண்டாமா?

கதவு திறந்தால் மட்டும் போதாது. 1894-இல் மைசூர் மகாராஜாவுக்கு எழுதிய கடிதத்தில் சுவாமி விவேகானந்தர் இதைத் தெளிவாக உணர்த்தினார்: கிராமந்தோறும் இலவசப் பள்ளி அமைத்தாலும், வறுமை காரணமாகச் சிறுவன் வயலுக்கே செல்வான், ஆகவே கல்விதான் அவனைத் தேடிச் செல்ல வேண்டும். சத்தியகாமனின் கதையும் இதையே காட்டுகிறது. முனிவர் அவனிடம் நானூறு மெலிந்த பசுக்களை ஒப்படைத்தார். அவன் அவற்றை மேய்த்துக்கொண்டிருந்த இடத்திற்கே காளையும், அக்னியும், அன்னமும், ஒரு நீர்ப்பறவையும் வந்து பிரம்ம வித்தையைப் புகட்டின. உழைப்பவன் இருக்குமிடத்தை நாடி வித்தை சென்றது!

பசி என்னும் தடையை நீக்க 1956-இல் காமராஜர் தமிழகப் பள்ளிகளில் மதிய உணவு வழங்கச் செய்தார். அது அரசு ஆற்ற வேண்டிய பணி. தனி மனிதர்கள் ஆற்ற வேண்டியதும் உண்டு. தம்பியை அங்கன்வாடியில் சேர்க்க உதவினால் அக்கா பள்ளி செல்வாள். வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வந்த குழந்தைக்கு வங்க எழுத்தைப் பொறுமையாகக் கற்பித்தால் அது வகுப்பில் ஊமையாக அமர்ந்திராது. வீட்டில் எழுத்தறிந்தவர் இல்லாத சிறுவனோடு மாலையில் ஒரு மணி நேரம் அமர்ந்தால் அவன் பாதியில் நிற்க மாட்டான்.

இவற்றிற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. நேரமும் அன்பும் போதும். பூஜையறையில் இறைவனுக்கு மலர் சாத்தும் கை, தெருவோரக் குழந்தையின் கையைப் பிடித்துப் பள்ளி வாசல் வரை அழைத்துச் செல்லட்டும். அதுவும் அவனுக்கே செய்யும் ஆராதனை.