மாவலியும் கொள்ளிவட்டமும்

கார்த்திகைத் தீபத்தன்று இரவில், பனை மிகுந்த தமிழ்நாட்டு ஊர்களில் சிறுவர்கள் கயிற்றில் கட்டிச் சுற்றும் நெருப்புப் பொதிக்கு மாவலி என்று பெயர். மகாபலி மன்னனின் நினைவோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். பெரியவர்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே அதைச் செய்வதுதான் மரபு. நெருப்புப் பக்கம் போகாதே என்று ஆண்டு முழுவதும் அதட்டப்படும் பிள்ளையின் கையில், அன்று ஓர் இரவு மட்டும் அதட்டியவர்களே கனலைக் கொடுக்கிறார்கள்.

செய்முறை பொறுமையைக் கேட்கும். ஆண்பனையின் பூங்கதிர்களை முன்கூட்டியே சேர்த்து நன்றாக உலர்த்த வேண்டும். சிறு குழி வெட்டி, கதிர்களை அதில் போட்டுக் கொளுத்தி, சுடர் அடங்கி உள்ளே செந்தணல் தெரியும் நேரத்தில் மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள். அவசரப்பட்டு மூடினால் பாதி கருகிய கதிர்தான் கிடைக்கும், தாமதித்தால் வெறும் சாம்பல். அந்தப் பதத்தைப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஒரு தாத்தாவோ மாமாவோ குழியருகில் குந்தியிருப்பார். காற்றுப் புகாமல் கிடந்து ஆறிய கரியை மாவாக இடித்து, பழைய பருத்தி வேட்டித் துணியில் நீளவாக்கில் வைத்துச் சுருட்டி, நூலால் நெருக்கிக் கட்டுகிறார்கள். பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே பொதியை வைத்து இறுக்கி, முனையில் கயிறு கட்டியதும் மாவலி தயார். பொதியின் மேல் கங்கு ஒன்றை வைத்து ஊதிப் பற்றவைத்துத் தலைக்கு மேல் சுற்றினால் பொறிமழை கொட்டும். எளிதில் ஆவியாகும் பொருள்கள் குழியிலேயே எரிந்துபோய்விட்டதால் கரி பெரிதாகச் சுடர் விடாமல் கனல்கிறது. சுற்றச் சுற்றப் புதுக்காற்று பட்டுக் கனல் ஏறுகிறது. எரிந்து திறந்த துணி வழியே கரித்துகள்கள் பொறிகளாகச் சிதறுகின்றன. வைக்கோல்போரும் ஓலைக்கூரையும் இல்லாத வெட்டவெளி, உடலில் பருத்தி உடை, அருகில் ஒரு குடம் தண்ணீர், கூடவே ஒரு பெரியவர்: இவை இல்லாமல் மாவலியைப் பற்றவைக்கக் கூடாது.

இருட்டில் எட்ட நின்று பார்ப்பவருக்குக் கயிறும் தெரியாது, மட்டையும் தெரியாது. நெருப்பாலான வட்டம் ஒன்றுதான் தெரியும். கை ஓய்ந்ததும் வட்டத்தைக் காணோம். அப்படியானால் அந்த வட்டம் இருந்ததா, இல்லையா? தமிழில் கொள்ளிவட்டம் என்றும் வடமொழியில் அலாதசக்கரம் என்றும் வழங்கும் இந்தக் காட்சியை வைத்து இந்தியத் தத்துவ மரபுகள் நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கின்றன.

கண்ணின் பங்கை ஐரோப்பிய அறிவியல் தனியே ஆராய்ந்தது. சுழலும் கங்கு வட்டமாகத் தோன்றுவதை நியூட்டன் 1704இல் வெளிவந்த ஒளியியல் நூலில் குறிப்பிடுகிறார். 1765இல் பாட்ரிக் டார்சி இயந்திரம் ஒன்றில் கங்கைச் சுழலவிட்டு, பார்வைப் பதிவு கண்ணில் ஏறத்தாழ 0.13 வினாடி தங்குவதாகக் கணித்தார். அதற்குள் ஒரு சுற்று முடிந்தால் வட்டம் மூடிக்கொள்ளும். கயிற்றில் கட்டிய மாவலி அவ்வளவு விரைவாகச் சுழலாது. அங்கே விடுபடும் இடத்தைச் சிதறும் பொறிகள் நிரப்பிவிடுகின்றன.

இந்திய மரபுகளுக்குத் திரும்பினால், தருக்க நூலான நியாய சூத்திரத்துக்கு இந்த வட்டம் மனத்தைப் பற்றிய சான்று. மனம் அணு அளவினது, ஒரு நேரத்தில் ஓர் அறிவே எழும் என்பது நியாயக் கொள்கை. வாத்ஸ்யாயனரின் உரை இதற்கு ஒரு மறுப்பை அருமையாக எழுப்புகிறது. ஓர் ஆசிரியர் காட்டுவழியே ஓதிக்கொண்டு நடக்கிறார். கையில் கமண்டலம் இருக்கிறது. பாதையைப் பார்க்கிறார், காட்டின் ஓசைகளைக் கேட்கிறார், கொடிய விலங்கு வருமோ என்று அஞ்சுகிறார், போய்ச் சேர வேண்டிய இடத்தையும் நினைக்கிறார். இத்தனையும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றனவே? இல்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிகழ்கின்றன, விரைவினால் வரிசை தெரியவில்லை, கொள்ளிவட்டம் போல, என்பது சூத்திரத்தின் விடை.

பௌத்தர் அதே கொள்ளியை வேறு வழக்குக்குக் கொண்டுபோனார்கள். நாகார்ச்சுனரின் மாணவரான ஆரியதேவர் அதைக் கனவு, மாயை முதலியவற்றோடு சேர்த்து எண்ணினார். வசுபந்து அபிதர்மகோச உரையில் வடிவத்தையே கேள்விக்கு உள்ளாக்குகிறார். ஒரு திசையில் விரைந்து போகும் கொள்ளி நீளமாகத் தெரிகிறது, எல்லாத் திசையிலும் சுழன்றால் வட்டமாகத் தெரிகிறது. ஆகவே நீளம், வட்டம் என்று தனிப்பொருள் எதுவும் இல்லை.

இந்த உவமையின் மிக ஆழமான ஆட்சி கௌடபாதரின் மாண்டூக்கிய காரிகையில் இருக்கிறது. அதன் நான்காம் பகுதிக்குப் பெயரே அலாதசாந்தி, அதாவது கொள்ளி அடங்குதல். கொள்ளியின் அசைவு நேராகவும் வளைவாகவும் தோன்றுவதுபோல், உணர்வின் அசைவே காண்பவன் என்றும் காணப்படுவது என்றும் தோன்றுகிறது என்கிறார் அவர். பிறகு வட்டத்தின் வரவையும் போக்கையும் ஒவ்வொன்றாகத் துருவுகிறார். அசையும்போது வட்டம் வெளியிலிருந்து வந்து சேரவில்லை. நின்றபோது எங்கும் போகவில்லை, கொள்ளிக்குள்ளும் புகவில்லை. பொருளாக இல்லாத ஒன்றுக்கு வரவும் இல்லை, போக்கும் இல்லை. உலகத் தோற்றமும் அப்படியே என்பது அவர் முடிவு. இதில் ஓர் இடறல் உண்டு. கொள்ளி மெய்யாகவே அசைகிறது, அசைக்க ஒரு கையும் இருக்கிறது. கௌடபாதரின் அத்துவைதம் சொல்லும் உணர்வோ அசைவற்றது. சங்கரர் பெயரில் வழங்கும் உரை இதை மறைக்கவில்லை. உணர்வு அசைவதுபோல் தோன்றுவதே அறியாமையால்தான் என்று அது விளக்குகிறது. அந்த இடத்தோடு உவமையின் பணி முடிந்துவிடுகிறது, மேற்கொண்டு நடப்பது கொள்கை மட்டுமே.

திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசர், பிரம்ம சூத்திரத்துக்குத் தாம் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தின் முதல் சூத்திர விளக்கத்தில் கொள்ளியைத் தம் பக்கம் எடுத்துக்கொள்கிறார். கொள்ளி அந்த வட்டத்தின் எல்லா இடங்களையும் உண்மையாகவே தொடுகிறது. விரைவினால் இடைவெளிகள் மட்டும் கண்ணில் படவில்லை. உள்ளதையே கண் காண்கிறது, எல்லாவற்றையும் காணவில்லை, அவ்வளவுதான். வண்டிச் சக்கரத்தைக் காண்பதும் இதே முறைதான்: அங்கே இடைவெளி இல்லாததால் தெரியவில்லை, இங்கே வேகத்தால் தெரியவில்லை.

கரி சுட்டு, இடித்து, துணி சுருட்டிய பிள்ளைக்கு எளிதில் எட்டுவது இந்த விளக்கமே. சுற்றும் வேகத்தைக் குறைத்தால் வட்டம் வில்லாகச் சுருங்கும், இன்னும் குறைத்தால் கனலும் பொதியாகவே தெரியும். ஏமாற்று எதுவும் நடக்கவில்லை என்பதை இவ்வாறு கையாலேயே சோதிக்கலாம். கொள்ளிவட்டத்தைப் பொறுத்தவரை இராமானுசரின் கணக்கே சரியானது. கௌடபாதரின் விசாரணை நுட்பமானதென்றாலும், தோன்றியது பொருளல்ல என்பதிலிருந்து தோன்ற எதுவுமே இல்லை என்பதற்கு மாவலி வழிகாட்டுவதில்லை. ஆனால் எல்லா இடங்களையும் தொட்டது ஒரு கனல். கண்டது ஒரு முழு வட்டம். அந்த முழுமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இராமானுசரின் விடைக்குப் பின்னும் மிஞ்சுகிறது. வண்டிச் சக்கரத்தையும் கூறு கூறாகப் பிரித்தால் சக்கரம் என்று தனியே ஒன்று மிஞ்சாது என்று வசுபந்து அங்கேயே மடக்குவார். அதற்கு விடை காணக் கொள்ளி போதாது. உறுப்புகளுக்கு மேல் முழுப்பொருள் ஒன்று உண்டா என்ற, நியாய மரபினரும் பௌத்தரும் நெடுங்காலம் நடத்திய வேறொரு வழக்கு அது.