வனவாசமும் வாடகையும்

வனவாசம் ஒரு காலத்தில் தண்டனை. இன்று விலை கொடுத்து வாங்கும் சுகம். தான்சானியாவின் செரங்கெட்டிப் புல்வெளியில் கித்தான் கூடாரங்கள் நிற்கின்றன. உள்ளே பஞ்சு மெத்தையும் வெந்நீரும். வெளியே சிங்கத்தின் கர்ஜனை. அங்கே மாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்களை, வனவிலங்குகளின் நன்மைக்கென்று சொல்லி, 1959-இல் ஆங்கில ஆட்சி வெளியேற்றியது.

சாணமும் மண்ணும் பூசிய குடிசை காட்டுக்கு ஆகாது. குளியலறை வைத்த கூடாரம் மட்டும் ஆகுமோ? விருந்தினர் தரும் பணத்தால்தான் காடு பிழைக்கிறது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை என்ன சொல்கிறது? காட்டில் மனிதன் இருக்கலாம். வாடகை கொடுத்தால் போதும் என்றல்லவா!

மனிதச் சுவடே படாத இயற்கை என்று மகிழ்கிறவர், விளக்கை அணைக்குமுன் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும்: அந்தச் சுவடு இல்லாமல் இருக்கவில்லை, அழிக்கப்பட்டது.