தற்காலிகம்

டி. கல்லுப்பட்டியிலிருந்துகூட இப்போது விடுமுறைக்கு இலங்கை போகிறார்கள். "விசாவுக்குப் பணம் உண்டா சார்?" என்று என்னைக் கேட்கிறார்கள், கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு! குழப்பம் நியாயமானதே. 2023 நவம்பரில் இந்தியருக்கு இலவசம் என்றார்கள். 2024 ஏப்ரலில் விசா வேலையைத் தனியாரிடம் விட்டார்கள். ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது.

உல்லாசப் பயணிக்கு இது சிறு தொல்லை. விருந்தாளியை, 'எத்தனை நாள் தங்குவாய்?' என்று கேட்க வீட்டுக்காரனுக்கு உரிமை உண்டு. ஆனால், அந்த வீட்டைக் கட்டியவனையே அப்படிக் கேட்கலாமா?

மதுரை, இராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் வளர்த்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். 1948-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்றார்கள். மூட்டைகளைக்கூட யாரும் அப்படி எண்ணிப் பங்கிடுவதில்லை. பிறந்த மண்ணில் ஒருவன் எப்படித் தற்காலிகமானான்? உழைப்பு தராத உரிமையை ஒரு காகிதம் எப்படித் தருகிறது?

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு இலங்கையின் விசா வேண்டாம் என்று 1974-ஆம் வருஷத்து ஒப்பந்தம் சொல்கிறது. குடிதண்ணீரும் குடிமக்களும் இல்லாத அந்தத் தீவு விஷயத்தில் மட்டும் அரசுகளுக்கு அவ்வளவு தாராள மனம் வந்திருக்கிறது.